ஆளற்ற ஊருக்கு வழி எது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மக்கள் விட்டுப்போன மலைக்கிராமங்களைத் தேடி நடப்போரைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, அந்த இடங்களின் அமைதியை நன்றாகவே சொன்னது. ஆனால் போகும் வழியைப் பற்றி, கைபேசி வரைபடம் போதும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. பல ஆண்டுகளாக இத்தகைய இடங்களுக்கு நடந்துவரும் என்னால் அதை ஏற்க முடியவில்லை.

கைபேசியில் தெரியும் தடம், யாரோ ஒருவர் ஏதோ ஒரு பருவத்தில் நடந்ததன் பதிவு மட்டுமே. கோடையில் பதிவான தடத்தை நம்பி மழைக்காலத்தின் கடைசியில் நான் போனபோது, வரைபடத்தில் நூலாகத் தெரிந்த ஓடை இடுப்பளவு நீருடன் கலங்கிச் சுழித்து ஓடியது. அதில் இறங்காமல் திரும்பியதை இன்றும் என் நல்ல முடிவுகளில் ஒன்றாகவே எண்ணுகிறேன்.

இரண்டு மூன்று வழிகள் இருக்குமானால், அங்கே வாழ்ந்தவர்கள் பயன்படுத்திய வழியையே நான் முதலில் தேடுவேன். விதை மூட்டையையும் நோயாளியையும் சுமந்துகொண்டு போன வழி என்பதால், அது பெரும்பாலும் சுற்றிச் சுற்றி, மூச்சு வாங்காத சரிவிலேயே செல்லும். ஊர் கலைந்தபின் அதைப் பராமரிக்க ஆளில்லை என்பதும் உண்மைதான். தாங்கு சுவர் சரிந்திருக்கும், மரப்பாலம் போயிருக்கும், புதர் மூடியிருக்கும். எனவே பழைய வரைபடத்தை அண்மைக்காலச் செயற்கைக்கோள் படத்துடன் ஒப்பிட்டு, பாதை எங்கெல்லாம் அறுபடுகிறது என்று முன்னதாகவே குறித்துக்கொள்ள வேண்டும்.

நேராக ஏறும் குறுக்குவழியின் சரிவை, வரைபடத்தில் ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமவுயரக் கோடுகளே காட்டிக்கொடுத்துவிடும். 1:50,000 அளவில் (தரையின் 50 மீட்டர் தாளில் 1 மில்லிமீட்டர்), 20 மீட்டர் உயரத்துக்கு ஒரு கோடு வரைந்த வரைபடத்தில், இரு கோடுகளுக்கிடையே 1 மில்லிமீட்டர் இருந்தால் சரிவு ஏறத்தாழ 22 பாகை. அரை மில்லிமீட்டர்தான் என்றால் அது 39 பாகையை நெருங்கும். தளர்ந்த கல்லும் ஈரப் புல்லும் உள்ள அத்தகைய சரிவில் ஏறிவிடலாம், இறங்குவதுதான் கடினம்.

நேரத்துக்கு, ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு இன்றும் உதவுகிறது: 5 கிலோமீட்டருக்கு 1 மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக 1 மணி நேரம். அதன்படி 12 கிலோமீட்டர் நடந்து 900 மீட்டர் ஏற, ஏறத்தாழ 4 மணி நேரம் ஆகும். ஓய்வும் புதரும் அதில் சேரவில்லை. திரும்ப வேண்டிய நேரத்தைப் புறப்படும் முன்பே குறித்து, வீட்டில் ஒருவரிடம் வழியோடு சேர்த்துச் சொல்லிவிட்டுப் போவது என் வழக்கம்.

ஊருக்குள்ளும் பழைய தெரு வழியாக நுழைவதே நல்லது. கொல்லைப்புறத்தில் புல் மூடிய கிணறு இருந்தால், கால் வைத்த பிறகுதான் தெரியும்.

இனி இத்தகைய கட்டுரைகளை வெளியிடும்போது, நடந்த மாதம், மொத்த ஏற்றம், கடக்க வேண்டிய ஓடைகள் ஆகியவற்றையும் ஒரு சிறு கட்டத்தில் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்