கையெழுத்துப் போடும் முன் ஊரில் வாசியுங்கள்: மீன்மாவு ஆலை வழக்கைச் சமரசமாக முடிக்கவிருக்கும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அய்யா, அம்மா,

வணக்கம். எங்கள் ஊர் மீன்மாவு ஆலை மீது நீங்கள் எடுத்த காற்று மாசு நடவடிக்கை சமரசத்துக்கு வந்துவிட்டது என்று போன வாரம் தெரிந்துகொண்டோம். சொன்னது நீங்கள் இல்லை, ஆலைக்கு விறகு ஏற்றி வரும் லாரி ஓட்டுநர். "கேஸெல்லாம் முடிஞ்சிருச்சுண்ணே, ஏதோ ஒரு தொகையைக் கட்டிட்டு ரெண்டு ஷிஃப்ட் ஓட்டப் போறாங்களாம்" என்றார். மனு கொடுத்தது நாங்கள், ஆய்வுக்கு வந்தவர்களுக்கு வழி காட்டியது நாங்கள். முடிவு மட்டும் விறகு லாரியில் ஏறி எங்களிடம் வருகிறது.

வழக்கின் கதையை நான் சொல்ல வேண்டியதில்லை, கோப்பு உங்கள் மேசையில்தான் இருக்கிறது. அதனால் நேராகவே கேட்டுவிடுகிறேன். சமரச நிபந்தனைகளைத் தமிழில் எழுதிக் கிராம சபையில் வாசியுங்கள். ஊர் சொல்வதைக் கேட்டுப் பதிவு செய்யுங்கள். அதற்குப் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

இதற்கு ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், கருவாட்டுக்காகத்தான்.

வள்ளத்தில் வந்த நெத்திலியை உப்புத் தண்ணீரில் அலசி, பழைய வலையை மணலில் விரித்து, வெயில் ஏறுவதற்குள் எங்கள் பெண்கள் பரப்பிவிடுவார்கள். மீனில் ஈரம் இருக்கும்வரைதான் ஆபத்து. ஆலையின் பாய்லரில் எரிவது சீமைக்கருவேல விறகு. பச்சை விறகு வந்து இறங்கிய நாளில் புகை இன்னும் கனமாக இருக்கும். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் அது நேரே காயப்போடும் களத்துக்குத்தான் வருகிறது. பொடிப்பொடியாகக் கரி ஈர மீனில் வந்து உட்காரும். ஊதினால் போகாது, துடைத்தால் ஈஷிக்கொள்ளும். கழுவினால் பாதி காய்ந்த மீன் மறுபடி ஊறிக் கெட்டுவிடும். மத்தியானம் வருகிற வியாபாரி ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் தேய்ப்பார். விரல் கறுத்தால் அதற்கு மேல் பேரம் கிடையாது. "சாப்பாட்டுக்கு ஆகாதும்மா, தீவனத்துக்குத்தான் எடுத்துக்க முடியும்" என்பார். சாப்பாட்டுக் கருவாட்டின் விலை வேறு, கோழித்தீவன விலை வேறு என்பது உங்களுக்கும் தெரியும். அந்தத் தீவனக் கருவாடு கடைசியில் எங்கே போகிறது? மீன்மாவு அரைக்கிற இடத்துக்குத்தான். மீனைக் கெடுத்த புகையும் அவர்களுடையது, கெட்டதால் சல்லிசாகக் கிடைக்கும் சரக்கும் அவர்களுக்கே. மகளிர் குழுக் கடனுக்குத் தவணை கட்ட வேண்டிய பெண் அன்றைக்கு விற்றது வெறும் தீவனம். உங்கள் சமரசப் பத்திரத்தில் இதற்கு ஒரு வரியாவது இருக்கிறதா?

அளவெடுத்துப் பார்த்தோம், விதிக்குள்தான் இருந்தது என்று ஆய்வறிக்கையில் இருக்கிறதாம். அதையும் பேசிவிடுவோம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாவிட்டால் சங்காயம், அதாவது சாப்பாட்டுக்கு ஆகாத கழிவு மீன், வராது, சங்காயம் வராவிட்டால் ஆலைக்கு வேலை கிடையாது. உங்கள் கூட்டாய்வுக் குழு புகைபோக்கியை அளக்க வந்தது மே மாதம். ஆறிக் கிடந்த பாய்லரில் புகை குறைவாக இருந்ததில் எங்களுக்கு ஒரு ஆச்சரியமும் இல்லை. தடை முடிந்து படகுகள் இறங்கும்போது கச்சானும் பலமாக அடிக்கும். அப்போது வாருங்கள் என்று அன்றைக்கே சொன்னோம், அப்போது யாரும் வரவில்லை.

நாற்றத்தைப் பற்றி அறிக்கை வாயே திறக்கவில்லை. மீனை ஆவியில் வேகவைத்து, பிழிந்து, உலர்த்தும்போது கிளம்பும் ஆவியைக் குளிரவைத்துக் கழுவி வெளியே விட வேண்டும். அதற்குத்தான் ஸ்க்ரப்பர். இரவில் அது ஓடுகிறதா என்று தெரிந்துகொள்ள எங்களுக்குக் கருவி எதுவும் தேவைப்படுவதில்லை. 2009-ல் அறிவிக்கப்பட்ட தேசியக் காற்றுத் தர அளவுகளில் 12 மாசுகள் இருக்கின்றன. அம்மோனியா இருக்கிறது, நாற்றம் என்று ஒன்று இல்லை. பட்டியலில் இல்லாததால் அது எங்கள் வீட்டுக்குள் வராமல் இருந்துவிடப் போவதில்லை.

அப்புறம் தொகை. சுற்றுச்சூழல் இழப்பீட்டுக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சூத்திரம் இருக்கிறது. நடுத்தர மாசுள்ள ஆரஞ்சு வகைச் சிறு ஆலை என்று வைத்துக்கொண்டால், அந்த வகைக்கான மாசுக் குறியீடு 50-ஐ 250 ரூபாயால் பெருக்கி, சிறு ஆலை என்பதற்காகப் பாதியாக்கினால் நாளுக்கு 6,250 ரூபாய். அதை விதிமீறிய நாள்களின் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். எத்தனை நாள் என்று யார் எண்ணினார்கள்? நீங்கள் வந்துபோன நாள்களை மட்டும் எண்ணினீர்களா, ஆலை ஓடிய இரவுகளையும் சேர்த்தீர்களா? அந்த ஓர் எண்ணில்தான் மொத்தச் சமரசமும் இருக்கிறது, அதைத்தான் எங்களிடம் காட்ட மறுக்கிறீர்கள்.

கட்டிய பணம் எங்கே போகும் என்பதும் கேள்வி. வேலூர் தோல் தொழிற்சாலைகள் வழக்கில் 1996-லேயே உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்றதோடு, பாதிக்கப்பட்டவர்களை அடையாளம் கண்டு இழப்பீடு கொடுக்க ஒரு ஆணையம் வேண்டும் என்றும் சொன்னது. பக்கத்துத் தூத்துக்குடியில் 2013-ல் தாமிர ஆலைக்கு 100 கோடி ரூபாய் விதித்தபோது, பணத்தை ஆட்சியரிடம் வைப்பாக வைத்து வட்டியை அந்தச் சுற்றுவட்டாரத்துக்கே செலவிடச் சொன்னது. ஆலையைத் தொடர்ந்து ஓட்டவும் அதே தீர்ப்புதான் வழி விட்டது, அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று ஊருக்கே தெரியும். பணத்தை வாங்கிக்கொண்டு கோப்பை மூடினால் பிரச்சினை முடிந்துவிடுகிறதா என்பதற்கு வேறு உதாரணம் தேட வேண்டாம்.

சட்டமும் ஆளுக்குத் தகுந்த மாதிரிதான் பேசுகிறது. 1981-ன் காற்றுச் சட்டத்தில் விதிமீறலுக்கு ஒன்றரை ஆண்டு முதல் 6 ஆண்டு வரை சிறை இருந்தது. 2023-ல் திருத்தி, 2024 ஏப்ரல் முதல் அதை 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் வரையிலான தண்டமாக்கிவிட்டார்கள். நல்லது, தொழில் செய்கிறவர்களை நம்ப வேண்டும்தான். ஆனால் 2001-லிருந்து தடையில் இருக்கும் கடல் அட்டை ஒருவன் வலையில் சிக்கி, அதை அவன் கரைக்குக் கொண்டுவந்துவிட்டால் 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறை. அவனிடம் சமரசம் பேச யாராவது வந்தார்களா? தீவு ஓரம் மரிக்கொழுந்துப் பாசி எடுக்கப் போகும் கிழவியை மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா என்று விரட்டுகிறார்கள். அந்தப் பூங்காவின் 21 தீவுகளுக்கும் எல்லை உண்டு, ஆலைப் புகைக்கு மட்டும் எந்த எல்லையும் இல்லை. ஒரு காலத்தில் பிடிக்காத அதிகாரியைத்தான் இந்தத் தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றுவார்கள். இப்போது வேறு ஊர்க்காரர்கள் ஏற்க மாட்டார்கள் என்கிற புகைபோக்கிகளையும் மாற்றி அனுப்புகிறார்களோ என்னவோ.

சரி, சொல்ல வந்ததை விட்டு எங்கேயோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆலையை மூடச் சொல்லி இந்த மடல் எழுதவில்லை. எங்கள் தெருப் பிள்ளைகளும் அங்கே மூட்டை தூக்குகிறார்கள். சமரசமே கூடாது என்றும் சொல்லவில்லை. அமெரிக்காவில் கம்மின்ஸ் என்ற எஞ்சின் தயாரிப்பு நிறுவனம் காற்றுச் சட்டத்தை மீறிய வழக்கை 2024-ல் 167.5 கோடி டாலர் தண்டத்தோடு சமரசமாகத்தான் முடித்தார்கள். ஆனால் அங்கே அப்படிப்பட்ட ஒப்பந்தத்தை நீதிமன்றம் ஏற்பதற்கு முன் குறைந்தது 30 நாள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். அவ்வளவு பெரிய நிறுவனத்தின் பத்திரத்தை யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்றால், எங்கள் ஊர் ஆலையின் பத்திரத்தில் மட்டும் அப்படி என்ன ரகசியம்?

ஆகவே தயவுசெய்து, நிபந்தனைகளைத் தமிழில் ஊர் முன்னால் வாசியுங்கள். ஆலை முழு வேகத்தில் ஓடும் ஒரு இரவில், கச்சான் அடிக்கும்போது, கருவாட்டுக் களத்தில் கருவியை வைத்து மறுபடி அளந்து பாருங்கள். இழப்பீட்டில் கருவாடு போடும் பெண்களுக்கு உரிய பங்கைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். ஸ்க்ரப்பரை நிறுத்தியது மீண்டும் தெரியவந்தால் காற்றுச் சட்டத்தின் 31-ஏ பிரிவின்படி மின் இணைப்பைத் துண்டிப்போம் என்ற வரியையும் சேருங்கள். இவ்வளவும் முடிந்த பிறகு நீங்கள் கையெழுத்துப் போட்டால் எங்களுக்கு மறுப்பில்லை.

கிராம சபை வழக்கமாகக் கூடும் நாள் தோதுப்படாவிட்டால் சிறப்புக் கூட்டத்துக்கு நீங்களே ஒரு தேதி சொல்லுங்கள். பந்தல், மைக் செட், தேநீர்ச் செலவை ஊர் பார்த்துக்கொள்ளும். தடைக்காலத்தில் மட்டும் வைக்க வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கருவாட்டுக் களத்துப் பெண்களுக்கு மனு எழுதிக் கொடுக்கும் ஊர்க்காரன்,
மன்னார் வளைகுடாக் கரை, இராமநாதபுரம் மாவட்டம்