பரண் கட்ட மார்ச் மாதம்

லான்சிங், மிச்சிகன்
ஆகஸ்ட் 17, ஞாயிறு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நேற்று போனில் நீ மளமளவென்று சொல்லிக்கொண்டே போனாய், நான் "ம்" கொட்டிக்கொண்டிருந்தேன். சம்மதம் என்று நினைத்திருப்பாய். இல்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு எனக்கு யோசனை ஓடாது என்பது உனக்குத் தெரியாததா? அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

செப்டம்பர் முதல் திங்களோடு வரும் லேபர் டே விடுமுறையில் மூன்று நாளும் காட்டிலேயே கிடந்து, மான் வேட்டைக்கு மரத்தில் உட்காரும் இரண்டு ஸ்டாண்டையும் ஏற்றி, பாதை வெட்டி, எல்லாவற்றையும் முடித்துவிடுவேன் என்றாய். செர்ரித் தோட்டக்காரர் தன் நாற்பது ஏக்கரில் உன்னை வேட்டைக்கு விட்டது பெரிய விஷயம்தான். இளங்கன்றுகளின் குருத்தை மான் கடித்துக் கடித்தே மொட்டையாக்குகிறது என்று அவருக்கும் தலைவலி. அனுமதியே ஜூலைக் கடைசியில்தான் கிடைத்தது என்பதால் உன்னைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் அடுத்த வருஷத்துக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: இந்த வேலைக்கு மார்ச்தான் மாதம். ஆகஸ்ட் இரண்டாம் பட்சம். செப்டம்பர் வேண்டவே வேண்டாம்.

நீ ஸ்டாண்டு என்பாய், எனக்குப் பரண் என்றுதான் வாயில் வரும். ஒட்டன்சத்திரம் பக்கம் நம் கடலைக்காட்டில் பன்றிக் காவலுக்குத் தாத்தா நாலு கம்பு நட்டு, மேலே தென்னந்தடுக்கு போட்டுக் கட்டுவாரே, அது பரண். அதில் ஏறினால் தகரத்தைத் தட்ட வேண்டும், கத்த வேண்டும். வள்ளி காலத்திலிருந்தே பரண் என்பது சத்தம் போடத்தானே! சத்தம் காட்டாமல் பரணில் உட்காரக் கற்றுக்கொள்ள எனக்கு இந்த ஊரில் நாலு வருஷம் ஆயிற்று.

ஏன் மார்ச் என்றால், அதற்குள் மான் வேட்டையெல்லாம் முடிந்திருக்கும். பனி உருகி, காடு இலையில்லாமல் நிற்கும். நவம்பரில் ஆண்மான் கொம்பைத் தேய்த்துப் பட்டை உரித்த மரங்கள் தூரத்திலிருந்தே வெள்ளையாகத் தெரியும். மிச்சமிருக்கும் பனியில் மான்கள் நடந்து நடந்து பழுப்புக் கோடாகிப்போன தடங்கள், யாரோ படம் வரைந்து கையில் கொடுத்த மாதிரி இருக்கும். ஒன்று மட்டும் கவனி. பனித் தடம் குளிர்கால வழி. தீனியும் ஒதுங்கும் இடமும் மாறும்போது அதுவும் மாறிவிடும். கொம்பு தேய்த்த மரங்களை வரிசையாகப் பிடித்துக்கொண்டு போனால்தான் இலையுதிர்காலத்தில் அது நடந்த வழி கிடைக்கும். எனக்கு அந்த வரிசைதான் கணக்கு.

அப்புறம், மார்ச்சில் நீ எவ்வளவு சத்தம் போட்டாலும், எவ்வளவு வேர்வை சிந்தினாலும், வில் வேட்டை தொடங்கும் அக்டோபர் 1-க்கு ஆறு மாதம் இருக்கிறது. காடு உன்னை மறந்துவிடும். கொசு கிடையாது, குளவி கிடையாது, விஷக்கொடி இலை விட்டிருக்காது.

மார்ச்சில் விட்டதை மே மாதம் முடித்துக்கொள்ளலாம் என்று நினைக்காதே. அங்கே ஓக் மரம் இருக்கிறது. ஏப்ரல் 15-லிருந்து ஜூலை 15 வரை ஓக்கில் ரம்பம் வைக்கக் கூடாது என்று மிச்சிகன் வனத்துறை வருஷா வருஷம் சொல்கிறது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 2014 ஜூனில், எனக்கு இடம் கொடுத்திருந்த ஒரு பெரியவரின் காட்டில், அம்பு போக வழி வேண்டும் என்று ஒரு சிவப்பு ஓக்கின் இரண்டு கிளையை அறுத்தேன். மணிக்கட்டுப் பருமன்கூட இருக்காது. வெட்டுக்காயத்தில் ஊறும் சாற்றுக்குச் சின்ன வண்டுகள் வரும், அவற்றின் உடம்பில் ஒட்டிக்கொண்டு ஒரு பூஞ்சணமும் வரும். ஓக் வாடல் நோய் என்கிறார்கள். எனக்கு அது எதுவும் தெரியாது.

ஆகஸ்டில் பெரியவர் கூப்பிட்டு அனுப்பினார். திட்டவில்லை. மரத்தடிக்கு அழைத்துப் போய்க் குனிந்து ஓர் இலையை எடுத்து என் கையில் வைத்தார். நுனியிலிருந்து பாதி வரை வெண்கல நிறம், காம்புப் பக்கம் இன்னும் பச்சை. பாதிப் பச்சையாகவே உதிர்ந்து, காலடியில் அக்டோபர் மாதிரிக் குவிந்து கிடந்தது. அண்ணாந்து பார்த்தால் உச்சி மொட்டை. நோய் வேர் வழியாகப் பக்கத்து மரத்துக்கும் போகும் என்று அவர் சொன்னபடியே, அடுத்த இரண்டு வருஷத்தில் இன்னும் இரண்டு மரம் போயிற்று. அதன் பிறகும் அவர் என்னை வரவேண்டாம் என்று சொல்லவில்லை. நானாகத்தான் போவதை நிறுத்தினேன். இன்றைக்கும் அந்த ரோட்டில் போனால் அந்தப் பக்கம் திரும்ப மாட்டேன்.

ஆக, உனக்கு மிஞ்சுவது இப்போதிருந்து ஆகஸ்ட் முடிய. அது ஒரு விதத்தில் நல்லதுதான். மார்ச்சில் திறந்து கிடந்ததாகத் தெரியும் வழி ஜூனில் இலை வந்து மூடிக்கொள்ளும். இலைப் பாரத்தில் கிளையே ஒரு முழம் கீழே தொங்கும். மார்ச்சில் வெட்டினவனும் இப்போது ஒருமுறை வந்து பார்த்தே ஆக வேண்டும். நீ இரண்டையும் ஒரே நாளில் செய்யப்போகிறாய், அவ்வளவுதான். ஓக்கில் ரம்பம் பட்டால் இப்போதும் மரத்தின் காயத்துக்கு உடனே பெயின்ட் அடித்துவிடு. சும்மா சுவருக்கு அடிக்கிற லேட்டெக்ஸ் போதும்.

இரண்டு பரண் வேண்டாம். இந்த வருஷம் ஒன்று போதும். நீ படத்தில் வட்டம் போட்டு அனுப்பிய மரம் எனக்குப் பிடிக்கவில்லை. இடம் அருமை, தோட்டமும் ஓக் காடும் சேரும் மேட்டு விளிம்பு. மரம்தான் ஆஷ். படத்தைப் பெரிதாக்கிப் பார். மரங்கொத்தி கொத்திப் பட்டை செதில் செதிலாக வெளிறியிருக்கிறது. கிட்டத்தில் போனால் பாதி நிலா வடிவில் பொடிப் பொடி ஓட்டை இருக்கும், பச்சை வண்டு துளைத்து வெளியே வந்த வழி. அந்த வண்டை 2002-இல் டெட்ராய்ட் பக்கம்தான் முதலில் கண்டுபிடித்தார்கள். நீ அப்போது கைக்குழந்தை. நம் தெருவில் வரிசையாக நின்ற ஆஷ் மரங்களை நகராட்சி லாரி வந்து வெட்டி ஏற்றிக்கொண்டு போனபோது அம்மா உன்னை இடுப்பில் வைத்து வேடிக்கை காட்டினாள். செத்த ஆஷ் முருங்கை மாதிரி, சொல்லாமல் கொள்ளாமல் முறியும். பத்தடி தள்ளி ஒரு மேப்பிள் தெரிகிறதே, அதில் கட்டு.

அந்த மேடு காற்றுக்கும் தோதானது. இங்கே இலையுதிர்காலத்தில் பெரும்பாலும் மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும்தான் காற்று. மான் தடத்துக்குக் கிழக்கே நீ இருந்தால் உன் வாடை அதற்குப் போகாது. சாயங்காலம் வெயில் இறங்கினதும் குளிர்ந்த காற்று சரிவில் தண்ணீர் மாதிரி கீழே வழியும், காலையில் சூடேறி மேலே எழும்பும். உன் மேட்டுக்குக் கீழே பள்ளத்தில் மான் படுத்திருந்தால் சாயங்காலக் காற்று உன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். அந்தப் பரணை அதிகாலைக்கு வைத்துக்கொள்.

பாதை விஷயத்தில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். நானும் விட்டேன். மான் தடம் சுத்தமாக இருக்கிறதே என்று அதிலேயே நடந்து போய்ப் பரண் ஏறுவது. அதன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றி வைத்த மாதிரி! உன் வழி வேறாக இருக்க வேண்டும், அதன் வழியைக் குறுக்கே வெட்டக் கூடாது. தோட்டத்தின் கடைசி வரிசையை ஒட்டி வாய்க்கால் ஒன்று போகிறது என்றாயே, அதற்குள் இறங்கி நட. வாய்க்காலிலிருந்து மரம் வரை உள்ள தூரத்துக்கு மட்டும் பாதை போதும். இடுப்பு உயரத்துக்கு மேலே இருப்பதை விட்டுவிடு, குனிந்து போ. குனிந்தும் முகத்தில் அடிக்கும் குச்சிகளை மட்டும் ஒடி. அகலமாக வெட்டினால் அடுத்த வாரமே மான் அதில் நடக்க ஆரம்பிக்கும், அதற்கடுத்த வாரம் வேறு எவனாவது நடப்பான். கடைசி முப்பது அடியில் சருகையும் சுள்ளியையும் தள்ளி மண்ணைக் காட்டிவிடு. விடிவதற்கு முன்னால் கும்மிருட்டில் காலை வைக்கும்போது அப்பளம் நொறுங்குகிற சத்தம் வராது.

அம்புக்கு வழி இரண்டோ மூன்றோ போதும், ஒவ்வொன்றும் ஒரு கதவு அகலம். இதை ஒற்றை ஆளாகச் செய்ய முடியாது. நீ பரணில் உட்கார்ந்து கை காட்ட வேண்டும், கீழே ஒருவர் கம்பு ரம்பத்தோடு நிற்க வேண்டும். கண்ணுக்கு நேரே தெரிகிற இடைவெளியை நம்பாதே. அம்பு வளைந்து போகும். இருபது கஜத்தில் நிற்கும் மானுக்கு நடுவழியில், நீ பார்க்கிற கோட்டுக்குக் கொஞ்சம் மேலே ஒரு விரல் தடிமன் குச்சி இருந்தால்கூடத் தட்டிவிடும். அடிபட்டுப் போன மானைத் தேடிக்கொண்டு ராத்திரி டார்ச் அடித்து அலைந்தவர்களுக்கு அந்தக் குச்சியின் அருமை தெரியும்.

பதினெட்டு அடிக்கு மேலே போகாதே. பரணை மரத்தோடு இறுக்கும் நாடாப் பட்டைகளில் பழையதைக் கட்டாதே. ஒருமுறை இரண்டு வருஷம் மரத்திலேயே விட்டிருந்த ராட்செட் பட்டையை நம்பி ஏறினேன். வெயில் தின்றது பாதி, மரம் பருத்து இழுத்தது பாதி. மூன்றாவது படியில் கால் வைத்ததும் படக்கென்று அறுந்தது. முழங்காலோடு போயிற்று. அம்மாவிடம் கார் கதவில் இடித்துக்கொண்டேன் என்று சொல்லியிருக்கிறேன், நீயும் அப்படியே சொல். விழாமல் இருக்க உடம்பில் மாட்டும் ஹார்னஸில் தேதி அச்சடித்திருக்கும், பார். காலாவதி என்றால் யாருக்கும் கொடுக்காதே, கத்தரித்துக் குப்பையில் போடு. தரையிலிருந்து ஏறும்போதே கயிற்றில் மாட்டிக்கொண்டு ஏற வேண்டும். மேலே போய் மாட்டிக்கொள்ளலாம் என்பவர்கள்தான் விழுகிறார்கள். வில்லைக் கயிறு கட்டி அப்புறம் இழுத்துக்கொள்.

எனக்கு இந்த வசதியெல்லாம் இல்லை. நான் போவது அரசாங்க நிலம். செப்டம்பர் 1-க்கு முன்னால் பரண் வைக்கக் கூடாது, அதில் பெயரும் முகவரியும் எழுதியிருக்க வேண்டும், ஆணி அடிக்கக் கூடாது, அம்புக்கு வழி என்று ஒரு கிளையை வெட்டக் கூடாது. மார்ச்சில் மரத்தைப் பார்த்து வைத்துக்கொள்வதோடு சரி. இப்போதைய பிள்ளைகள் இடுப்பில் சேணம் மாதிரி ஒன்றைக் கட்டிக்கொண்டு அன்றைக்கே மரத்தைத் தேர்ந்தெடுத்து அன்றைக்கே தொங்குகிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறது. என் முதுகு ஒத்துக்கொள்ளாது.

காட்டில் நீ கட்டியிருக்கும் கேமராவில் வந்த எட்டு முனைக் கொம்பனை நினைத்துக் கனவு காணாதே. கொம்பில் இன்னும் வெல்வெட் தோல் இருக்கிறது, மூன்று ஆண்மான் ஒன்றாக மேய்கின்றன. செப்டம்பர் தொடக்கத்தில் தோலை உரித்துப் போட்டுவிடும், கூட்டாளிகளோடு சண்டை வந்து ஆளுக்கொரு பக்கம் போய்விடும். அக்டோபரில் அங்கே யார் நிற்பார்கள் என்பதை ஓக் கொட்டைதான் முடிவு செய்யும். வெள்ளை ஓக் கொட்டையில் துவர்ப்பு குறைவு, அது விழ ஆரம்பித்தால் மான் மற்றதைத் திரும்பிப் பார்க்காது. எந்த மரம் இந்த வருஷம் காய்த்திருக்கிறது என்று பைனாக்குலரில் உச்சியைப் பார்த்து வை. 2015-இல் லான்சிங் பக்கம் மானை மெலியவைத்துக் கொல்லும் CWD நோய் வந்து, 2019-இல் நாம் இருக்கும் லோயர் பெனின்சுலாவில் தீனி போட்டு மானை வரவழைப்பதைத் தடுத்தார்கள் இல்லையா, அதிலிருந்து மரம் போடுகிற தீனிதான் நமக்குக் கதி.

வேலை முடிந்ததும் வந்துவிடு. அப்புறம் அக்டோபர் வரை அந்தப் பக்கமே போகாதே. கேமராவில் சிம் இருக்கிறதே, படம் தானாக வரும். "சும்மா ஒரு எட்டு பார்த்துவிட்டு வருகிறேன்" என்பதுதான் செப்டம்பரில் எல்லோரையும் கெடுக்கிறது. முதல் நாள் காற்று சரியில்லை என்றால் முதல் நாளும் போகாதே. ஆண்மான் இணை தேடி அலையும் நவம்பர் முதல் இரண்டு வாரம் இருக்கிறது.

வேட்டைத் துணியை இப்போதே துவைத்து, மூடி போட்ட பெட்டியில் வைத்து காரேஜில் வை. உன் அபார்ட்மென்டில் சமையலறையும் அலமாரியும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கின்றன. பெருங்காயத் தாளிப்போடு காட்டுக்குப் போனால் மான் வராது, நம் ஆட்கள் யாராவது சாப்பிட வருவார்கள்.

23-ஆம் தேதி சனிக்கிழமை நான் வருகிறேன். மழை அன்று ராத்திரி வரும் போலிருக்கிறது, வந்தால் நம் வாடையைக் கழுவிவிடும். காலை ஏழுக்குக் கிளம்பினால் பத்தரைக்குள் டிராவர்ஸ் சிட்டி வந்துவிடுவேன். பதினொன்றிலிருந்து மூன்று வரை, மான் படுத்திருக்கிற நேரத்தில் முடித்துவிடலாம். தோட்டக்காரரிடம் டிராக்டரில் ஏணியைக் கொண்டுபோய் இறக்க முடியுமா என்று கேள். செர்ரி உலுக்குகிற மெஷின் சத்தத்திலேயே வளர்ந்த மான்கள், டிராக்டரைப் பொருட்படுத்தாது. எந்தக் கிளையை வெட்டப்போகிறோம் என்று அவரிடம் முன்னாலேயே காட்டிவிடு. அவர் ஓக்கைப் பற்றிச் சொன்னால் தெரியும் என்று சொல்லாதே, கேட்டுக்கொள்.

அம்மா எலுமிச்சை ஊறுகாயும் மிளகுப்பொடியும் கட்டி வைத்திருக்கிறாள். மிளகுப்பொடி மான்கறி வறுவலுக்காம், இப்போதே.

கம்பு ரம்பம் வாங்காதே. என்னிடம் இரண்டு இருக்கிறது.

அன்புடன்,
அப்பா