பயிற்சி மாணவர்களுக்கும் பட்ஜெட்டில் இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கல்லூரித் தேர்வுகள் முடிகிற இந்த நேரத்தில் சேலத்திலும் ஏற்காட்டிலும் தொண்டு நிறுவனங்கள் பல இன்டர்ன்ஷிப் மாணவர்களைத் தேடுகின்றன. அறிவிப்பின் கடைசி வரி பெரும்பாலும் ஒன்றுதான்: உதவித்தொகை கிடையாது, சான்றிதழ் வழங்கப்படும். ஏற்காட்டில் ஒரு சிறிய அறக்கட்டளையில் கணக்கு எழுதுபவள் நான். அந்த வரியை எடுத்துவிட வேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் வேடிக்கை பார்த்துவிட்டுப் போவதில்லை. சேர்வராயன் மலைக் கிராமங்களில் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுப்பது அவர்கள்தாம். காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் எஸ்டேட் வேலைக்குப் போனவர்கள் பொழுது சாயும்போதுதான் வீடு திரும்புவார்கள். அதுவரை காத்திருந்து, வீட்டில் எத்தனை பேர், பள்ளியை விட்டு நின்ற பிள்ளை உண்டா, சாதிச் சான்றிதழ் வாங்கியாயிற்றா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, சொந்த செல்போனில் சொந்த டேட்டாவைச் செலவழித்து ஏற்ற வேண்டும். முடித்துக்கொண்டு ஏற்காட்டு ஒண்டிக்கடைக்கு வந்து சேர்வதற்குள் சில நாள் கடைசி பஸ்ஸும் போய்விடுகிறது. அந்த விவரங்களை வைத்துத்தான் அடுத்த ஆண்டு நிதிக்கு விண்ணப்பமே எழுதுகிறோம்.

அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வந்த பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. படிப்புக்கென்று அரசு கொடுக்கும் அந்தப் பணம் எங்கள் களப்பணியில் டிக்கெட்டாகவும் மதியச் சாப்பாடாகவும் கரைகிறது. இது எனக்கு மனம் ஒப்பவில்லை. அதுகூட இல்லாதவர்கள் விண்ணப்பிப்பதே இல்லை. விடுமுறையில் ஜவுளிக்கடைக்கோ வெள்ளிப்பட்டறைக்கோ வேலைக்குப் போனால்தான் அடுத்த பருவக் கட்டணம் கட்ட முடியும் என்ற வீடுகள் சேலத்தில் ஏராளம்.

ஆகவே வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளே வருகிறார்கள். நல்ல பிள்ளைகள்தாம், குறை சொல்லவில்லை. ஆனால் இந்த மலையிலேயே வாழும் மலையாளிப் பழங்குடி வீட்டில் பிறந்த ஒரு மாணவி வாசலில் நின்றால், உள்ளே கூப்பிட்டுப் பாய் விரித்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். வெளியூர்க்காரருக்குச் சொல்லாத கடன் விவரமும் அவளிடம் வருகிறது. அவளைத் தேடிப் பிடிக்க வேண்டிய நாமே, ஆங்கிலத்தில் அறிவிப்பு எழுதி, தெரிந்தவர்கள் மூலம் சுற்றுக்கு விட்டு, அவள் கண்ணிலேயே படாமல் செய்துவிடுகிறோம். அரசு கலைக் கல்லூரிகளின் அறிவிப்புப் பலகையிலும் ஆதிதிராவிடர், பழங்குடியினர் நல விடுதிகளிலும் தமிழில் ஒரு தாள் ஒட்ட என்ன செலவாகிவிடும்?

பணத்துக்கு எங்கே போவது என்பார்கள். நியாயமான கேள்வி. வெளிநாட்டு நிதியில் நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பு 2020 சட்டத் திருத்தத்தால் 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைந்தது. கை இறுகிப்போனது உண்மை. ஆனால் களத்தில் கணக்கெடுக்கும் மாணவரின் செலவை நிர்வாகத் தலைப்பில் ஏன் தேட வேண்டும்? திட்டம் எழுதும்போதே திட்டச் செலவாக, தனி வரியாகக் காட்டலாம். பெரிய நிறுவனங்களில் பயிற்சி பெறுவதற்காக 2024 அக்டோபரில் பிரதமரின் இன்டர்ன்ஷிப் திட்டத்தைத் தொடங்கியபோது, மாதம் 5,000 ரூபாய் என்று வைத்தார்கள். அதே நிறுவனங்கள் சமூகப் பொறுப்பு நிதி தரும்போது, எங்கள் பட்ஜெட்டில் பயிற்சி மாணவருக்கான ஒதுக்கீடு எங்கே என்று கேட்கட்டும். அப்படியும் முடியாத சிறிய அமைப்புகள், ஆறு பேரை இலவசமாக எடுப்பதற்குப் பதில் இரண்டு பேரைப் பணம் கொடுத்து எடுக்கலாம்.

கல்லூரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். அனுமதிக் கடிதத்தில் முத்திரை வைக்கும் முன், உதவித்தொகை எவ்வளவு, பயணப்படி உண்டா, விபத்துக் காப்பீடு யார் பொறுப்பு, மேற்பார்வையாளர் யார் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தராத இடத்துக்கு மாணவரை அனுப்ப மாட்டோம் என்று சேலத்துச் சமூகப்பணித் துறைகள் சேர்ந்து சொன்னால், வரும் கல்வியாண்டிலேயே எங்களைப் போன்றவர்கள் வழிக்கு வந்துவிடுவோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அஸ்தம்பட்டி, சேலம்.