கோடு போட்ட வயலட்

குன்னூர்,
மே 11.

அன்புள்ள சரோஜா,

நலம். நீயும் மகள் வீட்டாரும் அக்னி நட்சத்திரத்தைச் சமாளித்துக்கொண்டிருப்பீர்கள். என் முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. நீ தொலைபேசியில் "என் ஒன்பது பிள்ளைகளும் எப்படி?" என்று கேட்கும்போதெல்லாம் "நன்றாக இருக்கிறார்கள்" என்று சொல்லிப் பேச்சை மாற்றினேன் அல்லவா? அது பொய். நீ விட்டுப்போன ஒன்பது ஆப்பிரிக்க வயலட் செடிகளில் எட்டுதான் இருக்கின்றன. வாயால் சொல்லத் தைரியம் வராததால்தான் இத்தனை வருடங்களுக்குப் பிறகு பேனாவை எடுத்திருக்கிறேன். போனது எது என்பதைப் பின்னால் சொல்கிறேன். கதைப்புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கும் உன் புத்தியை இங்கே காட்டாதே.

குற்றத்தில் உனக்கும் பங்கு உண்டு. ஐப்பசியில் நீ வீட்டைக் காலிசெய்தபோது ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தாய்: "வாரம் இரண்டு முறை தண்ணீர், நேர் வெயில் ஆகாது, அன்பாகப் பார்த்துக்கொள்." எல்லாக் கேடும் அந்த மூன்றாவது கட்டளையால் வந்தது.

தை மாதக் குளிரில் முதல் விபரீதம் தெரிந்தது. அந்த வெல்வெட் இலைகளின் மேல், யாரோ டம்ளரின் வாயைச் சுண்ணாம்பில் தோய்த்து அழுத்தியதுபோல வெளிறிய வளையங்கள் தோன்றின. நம் தாவரவியல் சாரை அழைத்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி, மாட்டி, மறுபடி கழற்றி, "வைரஸ்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு இரண்டு டம்ளர் காப்பி குடித்துவிட்டுப் போனார். நானும் நான்கு செடிகளைத் தனி அறையில் பிரித்து வைத்து, இரண்டு வாரம் வேப்பெண்ணெய் தெளித்தேன். கடைசியில் பார்த்தால் அந்த வைரஸ் நான்தான். காலை ஆறு மணிக்கு, இரவெல்லாம் பனியில் கிடந்த சின்டெக்ஸ் தொட்டித் தண்ணீரைச் செம்பில் பிடித்து, நேராகத் தலைக்கு அபிஷேகம் செய்துவந்தேன். இலையைவிட மிகவும் குளிர்ந்த தண்ணீர் பட்டால், மேல்தோலுக்கு அடியிலுள்ள செல்களில் பச்சையம் சிதைந்துவிடும். துளி நின்ற வடிவத்திலேயே தழும்பு விழும். அந்தத் தழும்பு ஆறாது. புதிய இலைகள் வந்து, பழையவை உதிரும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். இப்போது தண்ணீரை முதல் நாளே அடுக்களையில் பிடித்துவைத்து, விரலுக்கு வெதுவெதுப்பாகத் தெரிந்தால்தான் தட்டில் ஊற்றி, அதன்மேல் பூந்தொட்டியை வைக்கிறேன். அரைமணி நேரத்தில் மண் வேண்டியதை உறிஞ்சிக்கொள்ளும். மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். அடியிலிருந்தே ஊட்டினால் உரத்தின் உப்பு மேலே ஏறி விளிம்பில் படிந்து, அதில் உரசும் இலைக்காம்பு அழுகும் என்பதால், மாதம் ஒரு முறை மட்டும் இலையில் படாமல் மேலிருந்து ஊற்றி வடியவிடுகிறேன்.

இவ்வளவு நாசூக்கு எதற்கு என்று எனக்கே எரிச்சல் வந்து, இதன் பூர்வீகத்தைத் தேடிப் படித்தேன். 1892இல், ஜெர்மானியர் ஆட்சியில் இருந்த கிழக்கு ஆப்பிரிக்காவில், இன்றைய தான்சானியாவின் உசம்பாரா மலைப்பகுதியில், வால்டர் வான் செயின்ட் பால்-இலேர் என்ற அதிகாரி இதைக் கண்டு ஜெர்மனியில் இருந்த தன் தந்தைக்கு அனுப்பியிருக்கிறார். மறு வருடமே ஹெர்மன் வெண்ட்லாண்ட் என்ற தாவரவியலாளர் இதற்கு "செயின்ட்பாலியா" என்று பெயர் சூட்டிவிட்டார். நிஜ வயலட்டுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. நிறத்தைப் பார்த்து வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது, நம் பள்ளியில் உனக்கு ஒட்டிக்கொண்டதைப் போல. என் மனதைத் தைத்தது இதுதான்: காட்டு நிழலில், பாசி படர்ந்த பாறை இடுக்குகளில், கைப்பிடி மக்கில் வேர்விட்டு வாழும் செடி இது. மழை எவ்வளவு பெய்தாலும் தண்ணீர் அங்கே நிற்காது, வழிந்து போய்விடும். அந்த மலையிலும் தேயிலைத் தோட்டங்கள் இருக்கின்றனவாம். அப்படியென்றால் குன்னூர் அதற்குப் பிறந்த வீடு மாதிரிதான். கொலைக்குக் குளிரைச் சாக்காகச் சொல்லவும் எனக்கு வழியில்லை.

சரி, சொல்லிவிடுகிறேன். போனது கோடு போட்டது. வெள்ளை இதழ் ஒவ்வொன்றின் நடுவிலும் நீலப் பட்டையோடு காற்றாடி மாதிரிப் பூக்குமே, அது.

மாசி முதல் வாரத்தில் இலைகள் துவண்டன. தாகம் என்று நினைத்துத் தண்ணீர் விட்டேன். இன்னும் துவண்டது, இன்னும் விட்டேன். பிறகு, பாவம், இடம் போதவில்லை போலிருக்கிறது என்று ஆறு அங்குலத் தொட்டிக்கு மாற்றி, செம்மண்ணும் சாணி எருவும் போட்டு நிரப்பினேன். ஐந்தாம் நாள் ஓர் இலையைப் பிடித்து லேசாகத் தூக்கியபோது, நடுக்குருத்து முழுவதும் ஒரு சத்தமும் இல்லாமல் கையோடு வந்துவிட்டது. அடியில் வேர் என்று எதுவும் இல்லை. ஊறிப்போன புளியைப் போலப் பழுப்பாக ஒரு கூழ், அதில் குட்டை நாற்றம். அந்தக் குருத்தைக் கையில் வைத்துக்கொண்டு அடுக்களையில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்கே தெரியாது.

சரோஜா, வறட்சிக்கும் வெள்ளத்துக்கும் இந்தச் செடி ஒரே முகத்தைத்தான் காட்டுகிறது. வேருக்குக் காற்றும் வேண்டும். மண்ணின் இடைவெளியெல்லாம் தண்ணீர் நின்றால் வேர் மூச்சடைத்து அழுகும், அழுகிய வேரால் உறிஞ்ச முடியாது, காலடியில் கங்கை ஓட நாக்கு வறண்டு சாகும். தொட்டியைக் கையில் தூக்கிப் பார்த்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்: கனமாக இருந்து துவண்டால் ஊற்றக்கூடாது, லேசாக இருந்து துவண்டால் ஊற்றலாம். தொட்டியின் அகலம் செடி விரிந்திருக்கும் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் போதும். ஒன்பது அங்குலச் செடிக்கு மூன்று அங்குலத் தொட்டி. நான் கட்டிக்கொடுத்தது பங்களா.

மற்ற எட்டும் இப்போது தேங்காய் நார்த்தூளும் பெர்லைட் என்ற லேசான வெள்ளைக் குருணையும் கலந்த கலவையில் இருக்கின்றன. இரண்டில் இலைக்கக்கத்தில் பஞ்சுபோல மாவுப்பூச்சி வந்தது. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சுக்குச்சியால் ஒவ்வொன்றாகத் தொட்டு எடுத்தேன், மூன்று வாரம் பிடித்தது. கூடத்தில் இருந்தவை வெளிச்சம் போதாமல் காம்பு நீண்டு அண்ணாந்து பார்த்தன. கிழக்கு ஜன்னலுக்கு மாற்றியபின் படிந்து, இரண்டு பூத்தும் விட்டன. இந்த எட்டில் மூன்றைச் சென்னைக்கு அனுப்பச் சொன்னாயே, அனுப்பமாட்டேன். 18 முதல் 27 டிகிரிக்குள் வாழும் ஜீவன் அது. ஏ.சி. அறையில் வைத்துக்கொள்கிறேன் என்பாய். அந்த வறண்ட காற்று நேரே பட்டால் மொட்டுகள் கருகும்.

கோடு போட்டதன் வெளி இலைகளில் இரண்டு மட்டும் அழுகாமல் இருந்தன. மாடி வீட்டு மாமி சொன்னபடி, காம்பை ஓர் அங்குலம் விட்டுச் சாய்வாக வெட்டி நட்டு, ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து வைத்தேன். பத்து வாரம் கழித்து, போன திங்கட்கிழமை, ஓர் இலையின் காலடியில் மிளகளவில் மூன்று பச்சைக் காதுகள் எட்டிப் பார்த்தன. மாமியைக் கூப்பிட்டுக் காட்டி, கேசரி கிண்டிக் கொண்டாடினேன். இனிமேல் உனக்கு உண்மையையே சொல்ல வேண்டியதில்லை என்றுகூட நினைத்தேன், மன்னித்துக்கொள்.

மறுநாள்தான் படித்தேன். அந்தக் கோடு, இரண்டு வேறு மரபு கொண்ட செல் அடுக்குகள் ஒரே செடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வளர்வதால் வருகிறதாம். இலையை வெட்டி நட்டால் புதுக்குட்டியில் அந்த இரண்டு அடுக்கும் பழைய வரிசையில் சேர்வதில்லை. பூ பெரும்பாலும் ஒரே நிறமாகத்தான் வரும். கோடு வேண்டுமென்றால் இலைக்கக்கத்தில் முளைக்கும் பக்கக்கன்றைப் பெயர்த்து வைக்க வேண்டும், அல்லது பூக்காம்பிலிருந்து வளர்க்க வேண்டும். என்னிடம் இரண்டும் இல்லை.

ஆனால் கோத்தகிரிக்கு மாற்றலாகிப் போன கணக்கு டீச்சருக்கு அந்தச் செடியிலிருந்து ஒரு பக்கக்கன்றை நீ ஐஸ்கிரீம் கப்பில் வைத்துக் கொடுத்தது எனக்கு நினைவிருக்கிறது. அவர் என்னைப்போல அன்பானவராக இல்லாதிருந்தால் அது இன்னும் உயிரோடு இருக்கும். அவருடைய முகவரியை உடனே அனுப்பு. நான் செய்ததை மட்டும் இப்போது அவரிடம் சொல்லாதே. கன்று என் கைக்கு வந்தபிறகு நானே சொல்லிக்கொள்கிறேன்.

உன்,
ராஜி