இன்சுலின் செடி விற்கும் நீலகிரிக் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நாற்றுப் பண்ணைக்காரர்களே, தைலக் கடைக்காரர்களே,

வணக்கம். கோத்தகிரியில் மருந்துக்கடை வைத்திருப்பவன் எழுதுகிறேன். உங்களில் பலர் எனக்குத் தெரிந்தவர்கள், அதனால் சுற்றி வளைக்கவில்லை. ‘இன்சுலின் செடி’ என்று சீட்டு குத்தித் தொட்டி தொட்டியாக விற்கிறீர்கள். தாராளமாக விற்றுக்கொள்ளுங்கள். ஆனால் காசை வாங்கிக்கொண்டு, “தினம் ரெண்டு இலை மென்னுங்க, ஊசியே வேண்டாம்” என்கிறீர்களே, அதை மட்டும் விடுங்கள்.

அந்த இலையில் இன்சுலின் கிடையாது. இருந்தாலும் பயனில்லை. இன்சுலின் 51 அமினோ அமிலங்கள் கோத்த புரதம். வாய்வழியாகப் போனால், தின்ற பருப்பைப் போல அதையும் வயிறு செரித்துவிடும். 1922-லிருந்து ஊசியாகப் போட்டு வருவது இதனால்தான்.

ஊசி வேண்டாம், மாத்திரை போதும் என்ற ஆசை ஆய்வாளர்களுக்கும் உண்டு. 1999-ல் மெர்க் மருந்து நிறுவனத்தார், காங்கோவில் ஏதோ ஒரு செடியின் இலையில் கிடைத்த பூஞ்சையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். இன்சுலினில் பத்தில் ஒரு பங்குகூட எடையில்லாத மூலக்கூறு. இன்சுலின் செல்லுக்கு வெளியே நின்று, தன் சேதியை வாங்கிக்கொள்ளும் ஏற்பி என்ற புரதத்தைத் தூண்டும். இதுவோ உள்ளே நுழைந்து, அதே ஏற்பியின் உட்பகுதியை முடுக்கிவிட்டது. நீரிழிவு எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்தார்கள், ரத்தச் சர்க்கரை இறங்கியது.

சிக்கல் அதற்குப் பிறகுதான். அந்த மூலக்கூறின் நடுவில் இருப்பது குயினோன் என்ற வேதி வளையம். செல்லுக்குள் கண்டதோடும் வினைபுரிகிற குணம் அதற்கு. ஆகவே வேதியியலாளர்கள் பூஞ்சையை விட்டுவிட்டு அந்தப் பொருளைக் குடுவையிலேயே தயாரித்தார்கள். பக்கத்துத் துண்டுகளை ஒவ்வொன்றாக மாற்றி, சர்க்கரையை இறக்குவது எது, நஞ்சாவது எது என்று தேடினார்கள். டியூக் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் பிர்ரங் குழுவினர் இப்படிப் பல வகைகளைச் செய்து பார்த்தார்கள். அந்த மருந்து இன்றுவரை என் அலமாரிக்கு வந்து சேரவில்லை. சுத்தமான மூலக்கூறைக் கையில் வைத்திருந்தவர்களுக்கே இந்த நிலை. உங்கள் தொட்டி இலையில் என்ன இருக்கிறது, எத்தனை மில்லிகிராம் இருக்கிறது என்று யாராவது அளந்திருக்கிறோமா?

செடியை மட்டம் தட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். என் கடையில் அன்றாடம் நகரும் சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினுக்கும் மூலம் ஒரு செடிதான், ஐரோப்பாவின் கலேகா. ஆனால் அதை மேய்ந்த ஆடுகள் செத்திருக்கின்றன. அதிலுள்ள பொருளுக்கு உறவான மெட்ஃபார்மினை 1922-ல் ஆய்வகத்தில் செய்தார்கள், அதை நீரிழிவு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த முடிவு வெளிவர 1957 ஆயிற்று. நம் நடுவட்டத்திலும் மலேரியாவுக்குச் சிங்கோனா பட்டையை அப்படியே கொடுத்துவிடவில்லை. மரத்துக்கு மரம் சத்து மாறும் என்பதால் ஆலை வைத்துக் குயினைனைப் பிரித்தார்கள்.

எனக்குப் பயம் முதல் வகை நீரிழிவுப் பிள்ளைகளை நினைத்து. அவர்கள் உடம்பில் இன்சுலின் அநேகமாகச் சுரப்பதே இல்லை. ஊசியை நிறுத்தினால் ஓயாத தாகம், வாந்தி, மூச்சில் பழ வாடை, பிறகு மயக்கம். சில நாளிலேயே உயிருக்கு ஆபத்து. ஊர் சுற்ற வந்த தாய், பிள்ளை ஊசிக்கு அழுவதைப் பார்க்கப் பொறுக்காமல் உங்கள் பேச்சை நம்பிவிட்டால் என்ன செய்வீர்கள்? நீங்கள் அவளை மறுபடி பார்க்கப்போவதுகூட இல்லை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். நீரிழிவைக் குணப்படுத்தும் என்று எதையும் விளம்பரம் செய்வதை மாய மருந்து விளம்பரங்களுக்கு எதிரான 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. நான் யார்மேலும் புகார் கொடுக்கப் போவதில்லை. ஒவ்வொரு தொட்டியிலும் “இன்சுலின், மாத்திரை எதையும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்” என்று ஒரு சீட்டு சேர்த்துக் குத்துங்கள். அச்சடிக்கும் செலவு என்னுடையது. எத்தனை தொட்டி என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
கோத்தகிரி மருந்துக்கடைக்காரன்