குட்டை சங்கதி

அன்புள்ள கண்ணுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் அம்மாவுக்கு முட்டி வலி கொஞ்சம் பரவாயில்லை. அம்மிச்சி உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். உனக்கு வேலை ஜாஸ்தி என்று சொல்லி வைத்திருக்கிறோம். நீ எங்களிடம் சொன்னதைத்தான் சொல்கிறோம்.

போனில் பேசலாம் என்றால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் உன் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள், ‘சாப்பிட்டியா’வோடு பேச்சு முடிந்துவிடுகிறது. போட்டோ அனுப்பினால் நீலக் குறி விழுகிறது, அவ்வளவுதான். மூலனூர் கல்யாணத்தில் உன் மாமா பையனைப் பார்த்தேன். நீ ரூம் மாற்றிவிட்டாய் என்றான். புது விலாசம் எங்களுக்குத் தெரியாது, அதனால் இதை அவனிடமே கொடுத்துவிடுகிறேன். வேறு ஏதோ சொல்ல வந்தான், அதற்குள் பந்திக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். நானும் கேட்கவில்லை.

எனக்குக் கேட்க வேண்டியது குட்டை சம்பந்தமாக. சாவகாசமாகப் படி.

போன பொங்கலுக்கு வந்தபோது தோட்டத்துக் குட்டைக்குத் தண்ணீர் மட்டம் காட்டுகிற லெவல் சென்சார் போட்டுத் தருகிறேன் என்று சொல்லி, ஒரு அட்டைப்பெட்டி நிறையச் சாமானை அலமாரியில் வைத்துவிட்டுப் போனாய். தீபாவளியும் போயிற்று. நடுவில் சித்திரையில் குட்டை வற்றியது தெரியாமல் சொட்டுநீர் மோட்டார் ராத்திரி முழுக்க வெறும் காற்றை இழுத்து ஓடி, சீல் போய், காயில் கருகியது. ஊர் மோட்டாருக்கெல்லாம் காயில் கட்டினவன் வீட்டு மோட்டார்! கடைத்தெருவில் கேட்டவன் எல்லாம் சிரித்தான். அதற்கு மேல் உனக்காகக் காத்திருக்க முடியவில்லை, நானே உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் எனக்குத் தெரிந்த வழியில் போனேன். கம்பத்தில் மூன்று உயரத்தில் செம்புக் கம்பி, தண்ணீர் தொட்டால் லைட் எரியும். கொஞ்ச நாளில் ஒரு கம்பி பச்சை பூத்து அரித்துப்போனது. டிசி கரண்ட் ஒரே பக்கமாக ஓடிக்கொண்டே இருந்தால் தண்ணீருக்குள் கம்பி கரையத்தான் செய்யும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி போட்டு, பார்க்கும்போது மட்டும் ஒரு நொடி கரண்ட் கொடுத்தால் நிற்கும். ஆனால் அதில் மூன்று மட்டம்தான் தெரியும். எனக்கு அங்குலக் கணக்கு வேண்டியிருந்தது. அப்புறம்தான் உன் பெட்டியைத் திறந்தேன்.

வயர் வைத்த அந்த வட்டமான அல்ட்ராசோனிக் சென்சார், தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாத வகை, இருந்தது. சத்தம் போய்த் தண்ணீரில் பட்டுத் திரும்பி வரும் நேரத்தை அளக்கிறது, அவ்வளவுதான். முகத்துக்கு ஒரு சாண் கிட்டத்தில் தண்ணீர் வந்தால் அதற்குக் கண் தெரியாது, அதனால் நிறைந்த மட்டத்துக்கு மேலே ஒரு அடி விட்டு மாட்டினேன். புரோகிராம் ஓடுகிற போர்டு 3.3 வோல்ட், சென்சார் திருப்பி அனுப்புவது 5 வோல்ட். நேராகக் கொடுத்தால் போர்டு போய்விடும் என்று நீ துண்டுச்சீட்டில் எழுதி வைத்திருந்தாய். நீ சொன்னபடி 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டு வோல்ட்டைப் பிரித்துக் குறைத்தேன். புரோகிராம் உன் பழைய லேப்டாப்பில் இருந்ததுதான். எதிர்வீட்டு பாலிடெக்னிக் பையன் ஏற்றிக் கொடுத்தான்.

கரையில் மாட்டினால் உதவாது. நம் குட்டை மேலே 60 அடி, அடியில் 30 அடி, நாலு பக்கமும் சரிவு. தண்ணீர் இறங்கியதும் சென்சார் சரிவில் விரித்த தார்ப்பாயைத்தான் பார்க்கும். ஷீட் போட்ட குட்டையில் குழி தோண்டிக் கம்பம் நடவும் முடியாது. குட்டை காய்ந்து கிடந்தபோது பெயிண்ட் பக்கெட்டில் காங்கிரீட் போட்டு அதில் ஜிஐ பைப் நிறுத்தி, அடியில் சாக்கை நாலு மடிப்பு மடித்துப் போட்டு, நடுவில் இறக்கி வைத்தேன். அலை அடிக்காமல் இருக்கட்டும் என்று சென்சாரைப் பிவிசி குழாய்க்குள் விட்டுப் பார்த்தேன். குழாய் ஜாயின்ட் விளிம்பிலேயே சத்தம் பட்டுத் திரும்பி, எப்போதும் ஒரே அளவைக் காட்டியது. குழாயைக் கழற்றிவிட்டு, கம்பத்திலிருந்து ஒரு கை நீட்டித் தொங்கவிட்டேன். ஒவ்வொரு தடவையும் ஒன்பது அளவு எடுத்து, வரிசைப்படுத்தி, நடுவில் வருவதை எடுத்துக்கொள்கிறது. அலைக்கு அது போதும்.

இதைக் கேள். மத்தியானம் குட்டையில் தண்ணீர் ஏறியது, ராத்திரி இறங்கியது. மோட்டார் எதுவும் ஓடவில்லை. உன் அம்மா ஊற்று வந்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டாள், அடியில் ஷீட் இருப்பதை மறந்துவிட்டாள். வெயிலில் சத்தம் வேகமாக ஓடும், சீக்கிரம் திரும்பி வந்தால் தண்ணீர் கிட்டே ஏறிவிட்டதாகச் சென்சார் கணக்குப் போடும் என்பதுதான் விஷயம். 20 டிகிரியில் நொடிக்கு 343 மீட்டர் என்றால், 40 டிகிரியில் 355 மீட்டர். குட்டை அடிமட்டத்தில் இருக்கும்போது 3 மீட்டர் தூரத்துக்கு 10 சென்டிமீட்டர் பொய் சொல்லும். உன் பெட்டியில் வெப்பம் பார்க்கிற சின்ன சென்சாரும் இருந்ததே, அதைப் பக்கத்தில் நிழலில் கட்டிக் கணக்கில் சேர்த்ததும் சரியானது. இதை நானே கண்டுபிடித்தேன். நீ எட்டாவதில் பிசிக்ஸ் புரியவில்லை என்று அழுதாயே, அப்பாவைப் பார்த்தாயா?

இன்னொன்று. பாதி உயரம் தண்ணீர் இருந்தால் பாதிக் குட்டை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். 10 அடி நிறைந்தால் சுமார் 5.9 லட்சம் லிட்டர். 5 அடி நின்றால் 2 லட்சம் லிட்டர்தான், மூன்றில் ஒரு பங்கு. அந்த அட்டவணையைப் போர்டுக்குள்ளேயே போட்டுவிட்டோம், இப்போது லிட்டரிலேயே மெசேஜ் வருகிறது. நேற்று வரவில்லை. பயந்து போய்ப் பார்த்தால் சென்சார் வாயில் குளவி கூடு கட்டியிருந்தது.

தோட்டத்துக்காரர்கள் மூன்று நாலு பேர் தங்களுக்கும் செய்து தரச் சொல்கிறார்கள். பி.ஏ.பி. (பரம்பிக்குளம் ஆழியாறு) வாய்க்கால் தண்ணீர் நம் மண்டலத்துக்கு எல்லா நாளும் வருவதில்லை, குட்டை வெட்டாதவன் கிடையாது. காசு கொடுத்தே கேட்கிறார்கள். என் பையன் வந்தால் இதைவிட நன்றாகச் செய்வான் என்று சொன்னேன். வேலையை விட்டுவிட்டு வா என்று அர்த்தமில்லை, தப்பாக எடுத்துக்கொள்ளாதே. சும்மா நாலு நாள் வந்துவிட்டுப் போ என்கிறேன். நாலு நாளுக்கு மேல் ஆனாலும் யாரும் ஒன்றும் கேட்கப் போவதில்லை. மாடி ரூமுக்கு வெள்ளை அடித்திருக்கிறது.

இந்த மாதம் பணம் அனுப்ப வேண்டாம். அடுத்த மாதமும் வேண்டாம். தேங்காய் நல்ல விலைக்குப் போனது, இங்கே செலவு ஒன்றும் இல்லை. அந்தக் கார் தவணை இன்னும் ஓடுகிறதா? அன்றைக்கே வேண்டாம் என்றேன், நீ கேட்கவில்லை. சரி, அதை விடு. வேளைக்குச் சாப்பிடு, மெஸ்ஸில் காசு மிச்சம் பிடிக்காதே. பணம் வேண்டாம் என்பதை மறந்துவிடாதே.

இப்போது என் கேள்வி. தண்ணீர் ஒன்றரை அடிக்குக் கீழே போனால் மோட்டார் நிற்க வேண்டும். புரோகிராமில் சென்டிமீட்டர் கணக்கில் 30 என்று ஒரு எண் இருக்கிறது, அதை 45 ஆக்கினால் போதுமா, வேறு எங்காவதும் மாற்ற வேண்டுமா? எதிர்வீட்டுப் பையன் போதும் என்கிறான். எனக்கு நீ சொன்னால்தான் திருப்தி. அதுவரை ஸ்டார்ட்டரில் ஆட்டோவை ஆஃப் செய்து வைத்திருக்கிறேன், ராத்திரி நானே போய்த்தான் மோட்டார் போடுகிறேன்.

இந்த வாரம் நமக்கு மோட்டார் ஓட்டுகிற த்ரீ பேஸ் கரண்ட் ராத்திரி பத்து மணிக்கு மேல்தான். முழித்துத்தான் இருப்பேன், எந்நேரமானாலும் கூப்பிடு. உன் அம்மா தூங்கியிருப்பாள்.

இப்படிக்கு,
அப்பா