ஆர்ட் பெல்லுக்கு, காலம் தாழ்ந்து ஒரு கடிதம்

அன்புள்ள ஆர்ட் பெல் அவர்களுக்கு,

அமெரிக்க வானொலியில் பேய், பறக்கும் தட்டு என்று ராத்திரியில் நேயர்களைப் பேச வைத்த நீங்கள் போய்ச் சேர்ந்தது 2018 ஏப்ரல் 13, அதுவும் வெள்ளிக்கிழமை; மேல்நாட்டில் அபசகுனம் என்று பயப்படும் நாள். உங்கள் நேயர்கள் அதைச் சும்மா விடுவார்களா! நான் அந்த நேயர் கூட்டத்தில் ரொம்பப் பிந்தி வந்தவன். நேரலையில் கேட்டிருந்தாலும் உங்கள் இரவு பத்து மணி எங்களுக்குக் காலை பத்தரை, பதினொன்றரை. பேய்க்கதை கேட்கிற நேரமா அது? இப்போது இணையத்தில் கிடக்கும் பழைய பதிவுகளைத்தான் ராத்திரியில் போட்டுக் கேட்கிறேன்.

எங்கள் எஃப்எம்மில் இரவு நிகழ்ச்சிக்கு ஃபோன் போட்டால் யாரு பேசுறீங்க, எங்கேயிருந்து, சாப்டீங்களா, யாருக்குப் பாட்டு என்று கேட்பார்கள். அவ்வளவுதான், அடுத்த ஆள். நீங்களோ நெவாடா பாலைவனத்தில் பரம்ப் என்ற ஊரில், சொந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு 'கோஸ்ட் டு கோஸ்ட் ஏஎம்' (Coast to Coast, கடற்கரை முதல் கடற்கரை வரை) என்ற இரவு நிகழ்ச்சியை நடத்தினீர்கள். ராக்கி மலைக்குக் கிழக்கே ஓர் எண், மேற்கே ஓர் எண், முதல்முறை அழைப்பவர்களுக்குத் தனி எண். நடுவில் விசாரித்து வடிகட்ட ஆள் கிடையாது. மணி அடித்தால் நேரே ஒலிபரப்பில்தான்.

மத்திய அலையும் உங்களுக்குத் துணை நின்றது. பகலில், வளிமண்டலத்தின் உச்சியில் மின்னேற்றம் பெற்றிருக்கும் அயனி மண்டலத்தின் கீழடுக்கு அந்த அலைகளை விழுங்கிவிடும்; பொழுது சாய்ந்ததும் அந்த அடுக்கு கலைந்துபோக, அலை மேலே மோதித் திரும்பிப் பல நூறு மைல் தள்ளி இறங்கும். லாரி ஓட்டுநர், இரவுக் காவலாளி, தூக்கம் வராதவர் எல்லாரும் ஒரே குரலுக்குள் வந்துவிடுவார்கள். பதின்மூன்று வயதிலேயே ஹாம் ரேடியோ (பொழுதுபோக்காகச் சொந்தமாக வானொலியில் பேசிக்கொள்வது) உரிமம் வாங்கிய உங்களுக்கு இது பாலபாடம்.

1997 செப்டம்பர் பதிவை எத்தனை தடவை கேட்டாலும் சிலிர்க்கிறது. வேற்றுக்கிரகக் கதைகளுக்குப் பேர்போன நெவாடாவின் ரகசிய ராணுவத் தளமான ஏரியா 51-இல் வேலை பார்த்தவர்களுக்கென்று அன்று ஒரு லைனைத் திறந்து வைத்திருந்தீர்கள். ஒருவர் அழுதுகொண்டே, மூச்சு வாங்க, தன்னைத் தேடிப் பிடித்துவிடுவார்கள் என்கிறார். நீங்கள் நம்பவும் இல்லை, நக்கலும் செய்யவில்லை; பேச விட்டீர்கள். பேச்சின் நடுவிலேயே செயற்கைக்கோள் இணைப்பு அறுந்து ஒலிபரப்பு நின்றது. அடுத்த ஆண்டு ஒருவர் அழைத்து, அது நான் போட்ட நாடகம் என்றார். நாடகமாகவே இருக்கட்டும், அந்த ஆளைப் பேச விட்ட பொறுமை நிஜம்.

ஆனால் ஹேல்-பாப் என்ற வால்மீன் விஷயத்தில் உங்களோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. 1996 நவம்பரில் ஓர் அமெச்சூர் வானியலாளர், வால்மீனுக்குப் பின்னால் வேறொரு பொருள் வருகிறது, படம் எடுத்திருக்கிறேன் என்றார். அதைத் தொடர்ந்து இன்னொரு படமும் உங்கள் கைக்கு வந்தது. அது ஹவாய் பல்கலைக்கழகப் படத்தில் கைவைத்துச் செய்தது என்பது நீங்கள் அதை 1997 ஜனவரியில் வெளியிட்ட பிறகே அம்பலமானது. மார்ச்சில் கலிபோர்னியாவில் 'ஹெவன்ஸ் கேட்' என்ற மதக் கூட்டத்தார் 39 பேர், அந்த வால்மீனோடு வரும் விண்கலம் தங்களை அழைத்துப்போகும் என்று நம்பி உயிரை விட்டார்கள். பின்னால் ஏதும் வருகிறதா இல்லையா என்பது எங்களுக்குப் பொருட்டல்ல என்று அவர்களே எழுதி வைத்திருந்ததால், பழியை உங்கள் தலையில் கட்டுவது நியாயமில்லை. இருந்தாலும் சார், நடு ராத்திரியில் அழுகிறவருக்குக் காட்டும் பொறுமையை, ஆதாரம் என்று படத்தோடு வருகிறவருக்கும் காட்டலாமா? எந்தத் தொலைநோக்கி, எந்த நாள் எடுத்தது, யார் எடுத்தது என்று வாரக்கணக்கில் காத்திருக்காமல் அன்றே பிடித்து உலுக்கியிருக்க வேண்டாமா?

சரி, சண்டை போட்டுவிட்டு இன்று ராத்திரியும் உங்களைத்தான் கேட்கப்போகிறேன். வாஷிங்டன் மாநிலத்தில் அடியே இல்லாத பள்ளம் இருக்கிறது, எண்பதாயிரம் அடிக்கு மேல் தூண்டில் நரம்பை விட்டும் தரை தட்டவில்லை என்று மெல் என்பவர் சொன்ன பதிவு இன்னும் பாக்கி. அவ்வளவு நரம்பை எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று அவரிடமாவது கேட்டீர்களா பார்ப்போம்.

இப்படிக்கு,
ஓர் இரவு நேயர்